பாக்கெட்டுக்குள் ஒளிந்த கை

திருப்பூரில் ஷிப்மென்ட் தேதி தள்ளிப் போனால் இரண்டு காரியங்கள் நடக்கும். ஒன்று, முதலாளிக்கு பி.பி. ஏறும். இரண்டு, ஸ்டாஃபுக்கு மோட்டிவேஷன் கிளாஸ் வைப்பார்கள்.

எங்கள் கம்பெனியிலும் வைத்தார்கள். அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டல் ஹால். காலையில் கேசரி, இட்லி, வடை. மெர்ச்சண்டைசர்கள், அக்கவுண்ட்ஸ் பையன்கள், ஸ்டோர்ஸ், பேக்கிங், கட்டிங் என்று ஆபீஸ் ஸ்டாஃப், செக்ஷன் ஆட்கள் எல்லோரையும் கழுத்தில் பெயர் அட்டை மாட்டி உட்கார வைத்துவிட்டார்கள். வந்தவர் மே மாத வெயிலில் கோட்டு சூட்டு போட்டிருந்தார். அதற்கே ஒரு தைரியம் வேண்டும். ஸ்க்ரீனில் அவர் பெயருக்குக் கீழே ‘லைஃப் அண்ட் லீடர்ஷிப் கோச்’ என்று விழுந்தது.

பக்கத்து சீட்டு பேக்கிங் இன்சார்ஜ் என் காதருகே குனிந்தார். “ஏனுங்க, கோச்சுன்னா எஸ் ஃபைவ், எஸ் சிக்ஸுன்னு ரயில்ல இருக்குமே, அதுங்களா?”

சிரிக்காதீர்கள். அவர் கேட்டது ஏறக்குறைய சரி. ஹங்கேரி நாட்டில் கோச் என்று ஒரு கிராமம். அந்த ஊர்க்காரர்கள் செய்த குதிரை வண்டிக்கு ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டு ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டது. 19-ம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தங்களைப் பரீட்சை என்ற ஊருக்கு எப்படியாவது இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கும் தனி வாத்தியாருக்குக் கேலியாக அந்த வண்டிப் பெயரை வைத்தார்கள். பிறகு அது கிரிக்கெட்டுக்கு வந்தது, ஃபுட்பாலுக்கு வந்தது. இப்போது வாழ்க்கைக்கே வந்தாயிற்று.

கோட்டு சூட்டு தன் கதையைச் சொன்னார். பிசினஸில் விழுந்தது, கடன், வீட்டை விற்றது, ராத்திரி தூக்கம் வராமல் மொட்டை மாடியில் நின்றது. கேலி செய்ய மாட்டேன். உண்மையாகத்தான் இருந்திருக்க வேண்டும். சொல்லும்போது அவர் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. ஆனால் அந்த ஹாலில் உட்கார்ந்திருந்த அறுபது பேரில் அப்படி விழாத குடும்பம் எது? 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை ஹைகோர்ட் உத்தரவு போட்டு சாயப்பட்டறைகளை மூடியபோது விழுந்தவர்கள் உண்டு. 2020-ல் கொரோனா வந்து பையர்கள் ஆர்டரைக் கேன்சல் செய்தபோது விழுந்தவர்கள் உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்திய சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது ஸ்டோரில் கட்டி வைத்த அட்டைப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றவர்கள் உண்டு. இந்த ஊரில் கஷ்டம் என்பது பனியன் மாதிரி. எல்லோரிடமும் இருக்கும். சைஸ்தான் வேறு.

“நீங்க விழுந்ததுக்குக் காரணம் மார்க்கெட் இல்லை. உங்க மனசு!” என்றார் கோட்டு சூட்டு. எல்லோரும் எழுந்து நின்று கத்தச் சொன்னார். கத்தினோம். கை தட்டச் சொன்னார். தட்டினோம்.

ஒருவர் மட்டும் தட்டவில்லை. எங்கள் கட்டிங் மாஸ்டர்.

மாஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும். அதற்கு நாலு வருஷம் முன்பு, எங்கள் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் வேலை பார்த்த இடத்தில், கட்டிங் மெஷினில் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியாகிவிட்டன. ஈ.எஸ்.ஐ. இருந்தது. மெடிக்கல் போர்டு உட்கார்ந்து, சம்பாதிக்கும் திறனில் இத்தனை சதவீதம் போச்சு என்று கணக்குப் போட்டு, மாதா மாதம் ஒரு தொகை வருகிறது. பெரிய தொகை இல்லை. எங்களிடம் வந்த நாளிலிருந்து அவர் வலது கையை பேண்ட் பாக்கெட்டை விட்டு வெளியே எடுத்துப் பார்த்ததில்லை. டீ குடிப்பது இடது கையில். வவுச்சரில் கையெழுத்து இடது கையில். பையனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் பாக்கெட்டில்தான் கையை வைத்திருந்தாராம்.

கோட்டு சூட்டு அதைக் கவனித்துவிட்டார். மேடையை விட்டு இறங்கி வந்து, “கையை வெளியே எடுங்க சார்” என்றார். மாஸ்டர் எடுக்கவில்லை. யாரோ முன் வரிசையிலிருந்து விஷயத்தைச் சொன்னார்கள். உடனே கோட்டு சூட்டு மைக்கைத் தூக்கிப் பிடித்து, “உங்க விரல் போகலை சார்... உங்க நம்பிக்கைதான் போச்சு!” என்றார்.

ஹால் அதிரக் கைதட்டல். நானும் தட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மாஸ்டர் இல்லை. தேடிப் போனேன். ரோட்டோரம் ஒரு டீக்கடையில் நின்றிருந்தார்.

“ஏன் தம்பி, விரல் போகலைங்கறாரே. அப்ப அது எங்கீங்க இருக்குது? அவருகிட்ட கேட்டு வாங்கிட்டு வா.”

எனக்குப் பதில் தெரியவில்லை. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நமக்குத்தான் பத்திரிகை படிக்கிற கெட்ட பழக்கம் இருக்கிறதே. “மாஸ்டர், மாளவிகா ஐயர்னு ஒருத்தரைப் பத்திச் சொல்லட்டுமா?” என்றேன்.

* * *

மாளவிகா பிறந்தது 1989-ல், கும்பகோணத்தில். வளர்ந்தது ராஜஸ்தான் மாநிலம் பிகானேரில். அப்பாவுக்கு அங்கே வேலை. அந்த ஊரில் ஓர் ஆயுதக் கிடங்கு தீப்பிடித்து எரிந்து, குண்டுகள் சுற்றுவட்டாரத்தில் சிதறிக் கிடந்தன. எல்லாம் பொறுக்கியாகிவிட்டது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

2002 மே 26. ஞாயிற்றுக்கிழமை. மாளவிகாவுக்கு வயது பதின்மூன்று. அவருடைய ஜீன்ஸில் பாக்கெட் கிழிந்திருந்தது. (ஜீன்ஸ் நம்ம ஊர் சரக்கில்லை, நாம் பனியன்காரர்கள். இருந்தாலும் ஒரு பாக்கெட் அடிக்க எத்தனை நிமிஷம் ஆகும் என்று நம் டெய்லர்களுக்குத் தெரியும்.) தைக்கச் சோம்பல்பட்டு பசை போட்டு ஒட்டினார். ஒட்டியது நன்றாகப் பிடிக்க மேலே கனமாக ஏதாவது வைத்து அழுத்த வேண்டும். வெளியே கிடந்த ஒரு இரும்புச் சாமானை எடுத்து வந்தார். பாக்கெட்டின் மேல் வைத்து அடித்தார்.

அது கையெறி குண்டு.

இரண்டு கைகளும் போய்விட்டன. கால்களில் எலும்பெல்லாம் முறிந்து, நரம்பு செத்து, உணர்ச்சியே இல்லாமல் போயிற்று. உயிர் பிழைத்ததே பெரிது என்ற நிலைமை. பிறகு சென்னைக்குக் கொண்டு வந்தார்கள். ஆபரேஷன் மேல் ஆபரேஷன். ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரி வாசம். நடக்க மறுபடி முதலிலிருந்து பழகினார். செயற்கைக் கைகள் பொருத்தினார்கள்.

அவருடன் படித்தவர்கள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். 2004-ல் பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கும்போது, தானும் எழுதுவேன் என்றார் மாளவிகா. இரண்டு வருஷப் பாடம் பாக்கி. எழுதக் கை இல்லை. தனித்தேர்வராகப் பணம் கட்டி, ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்து, தான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத, பரீட்சை எழுதினார். கணக்கில் நீங்களே ஒரு தேற்றத்தை வாயால் சொல்லி அடுத்தவரை எழுத வைத்துப் பாருங்கள். பிராக்கெட் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்பதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிடும். ரிசல்ட் வந்தது. 500-க்கு 483. கணக்கிலும் சயின்ஸிலும் நூற்றுக்கு நூறு. பத்திரிகைகளில் போட்டோ வந்தது. ஜனாதிபதி அப்துல் கலாம் ராஷ்டிரபதி பவனுக்கு அழைத்துப் பேசினார்.

நம் ஊர் மேடைப் பேச்சாளர் யாராக இருந்தாலும் கதையை இங்கேயே முடித்திருப்பார். கைதட்டல் வாங்க இது போதும். மறுநாளே ‘கோச்’ என்று கார்டு அடித்திருக்கலாம்.

அடிக்கத் தடையும் இல்லை. நம் நாட்டில் ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேண்டும். அடுத்தவன் வாழ்க்கையை ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒரு காகிதமும் வேண்டாம். அமெரிக்காவில் 1995-ல் தொடங்கிய சர்வதேச கோச் கூட்டமைப்பு என்று ஒரு தனியார் அமைப்பு உண்டு. அவர்கள் தரும் முதல் படி சான்றிதழுக்கே 60 மணி நேரப் படிப்பும், 100 மணி நேரம் ஆட்களோடு உட்கார்ந்து பேசிய அனுபவமும் கேட்கிறார்கள். மேல் படிக்கு 2,500 மணி நேரம். கவனித்தீர்களா? எத்தனை கஷ்டப்பட்டாய் என்ற கேள்வி அந்த விண்ணப்பத்தில் இல்லை. எத்தனை மணி நேரம் அடுத்தவன் பேச்சைக் கேட்டாய் என்பதுதான் கணக்கு.

மாளவிகா மேடை ஏறவில்லை. படிக்கப் போனார். டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் காலேஜில் பொருளாதாரம். பிறகு டெல்லியிலேயே சமூகப் பணியில் முதுகலை. இந்த வருஷங்களில் அவர் தன் கதையை ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரியவில்லை. கையைப் பற்றிப் பேசவே கூச்சம். மற்றவர்கள் பார்க்கிற பார்வை. நம் மாஸ்டருக்கு பேண்ட் பாக்கெட் என்றால் அவருக்கு வேறொன்று, அவ்வளவுதான்.

2012-ம் வருஷம். அதே மே 26. குண்டு வெடித்துப் பத்து வருஷம் ஆன நாள். அன்றைக்குத்தான் ஃபேஸ்புக்கில் தனக்கு நடந்ததை எழுதினார். அது பரவியது. அடுத்த வருஷம் சென்னையில் டெட்-எக்ஸ் மேடையில் பேசக் கூப்பிட்டார்கள். அங்கே ஆரம்பித்ததுதான் இன்று அவர் செய்யும் தொழில். கம்பெனிகளில், கல்லூரிகளில், வெளிநாடுகளில் பேசுகிறார். 2016-ல் நியூயார்க்கில் இளம் தலைவர்களுக்கான விருது. 2017-ல் ஐ.நா. தலைமையகத்தில் பேச்சு. அதே வருஷம் டெல்லியில் உலகப் பொருளாதார மன்றம் நடத்திய இந்திய மாநாட்டின் இணைத் தலைவர்களில் ஒருவர். 2018 மகளிர் தினத்தன்று ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் கையால் நாரி சக்தி விருது. 2020 மகளிர் தினத்தன்று பிரதமரின் சோஷியல் மீடியா கணக்குகள் சில பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்களில் மாளவிகாவும் ஒருவர்.

விருதுகளை விடுங்கள். எனக்குப் பிடித்தது நடுவிலே அவர் செய்த இரண்டு காரியங்கள்.

ஒன்று, பி.எச்டி. மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கில் சேர்ந்து ஆராய்ச்சி செய்தார். தலைப்பு தன்னம்பிக்கை இல்லை! உடல் குறை உள்ளவர்களை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எப்படி ஒதுக்குகிறார்கள் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட விஷயம். அதாவது, விழுந்தவன் மனசைக் குடையாமல் சுற்றி நிற்பவர்கள் மனசைக் குடைந்து பார்த்தார். கோட்டு சூட்டு டார்ச் அடித்தது மாஸ்டர் முகத்தில். மாளவிகா டார்ச் அடித்தது கைதட்டிய எங்கள் முகத்தில்.

இரண்டாவது, துணி. நம் தொழில். சென்னையில் நிஃப்ட் மாணவர்களும் எபிலிட்டி ஃபவுண்டேஷனும் சேர்ந்து, உடல் குறை உள்ளவர்களுக்கென்று வடிவமைத்த உடைகளுக்கு ஒரு ஷோ நடத்தியபோது, மாளவிகா ராம்ப்பில் நடந்து வந்தார். யோசித்துப் பாருங்கள். ஒரு சட்டைக்குப் பட்டன் என்றால் நமக்குக் காஜா அடிக்கிற செலவு. விரல் இல்லாதவருக்கு அது பூட்டு. நானும் பல வருஷமாக டெக்-பேக் பார்க்கிறேன். கழுத்து அகலம் ஒரு சென்டிமீட்டர் கூடினால் பையர் குதிப்பான். இந்தச் சட்டையை ஒரு கையால் போட முடியுமா என்று ஒரு பையரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

* * *

இவ்வளவையும் டீக்கடையில் நின்றபடி சொன்னேன். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார். அசரவில்லை.

“அந்தப் பொண்ணுக்கு அம்மா அப்பா கூட நின்னிருக்காங்க. படிப்பு வந்திருக்குது. நம்மளுக்கு சனிக்கிழமை சம்பளம். சீட்டுக் கட்டணும், வட்டி கட்டணும். உன்னால முடியும் முடியும்னா, எதை வெச்சு முடியும் தம்பி?”

இதற்கும் என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது நியாயம். சொல்லப்போனால் மாளவிகாவின் கதையிலேயே அந்த நியாயம் இருக்கிறது. அம்மா, எழுதிக் கொடுக்க ஓர் ஆள், செயற்கைக் கை, படிக்க ஒரு காலேஜ், இவை எல்லாம் இருந்ததால்தான் அந்த மன உறுதிக்கு நிற்க ஒரு இடம் கிடைத்தது. ‘மனசு ஒன்றே போதும்’ என்பவர்கள் இந்த லிஸ்ட்டை சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள். லிஸ்ட்டை விட்டால் பேச்சு சுலபம். ஃபீஸும் நல்லா வரும்.

“அவங்க எப்படி டைப் அடிக்கறாங்கன்னு தெரியுமா மாஸ்டர்?” என்றேன் கடைசியாக.

“செயற்கைக் கையிலயா?”

“இல்லீங்க.”

குண்டு வெடித்த அன்றைக்கு டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றுகிற அவசரத்தில் இருந்தார்கள். வலது கை நுனியைத் தைத்தபோது ஒரு பிசகு. ஒரு எலும்பு சதை மூடாமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. எங்கேயாவது இடித்தால் உயிர் போகிற வலி. மாளவிகா ஒரு பிறந்த நாளன்று எழுதிய செய்தியில் இதைச் சொன்னார். அந்தப் பிசகான எலும்புதான் அவருக்கு இருக்கிற ஒரே விரல். அதை வைத்துத்தான் தட்டுகிறார். பி.எச்டி. ஆய்வேடு முழுக்க அதில் தட்டியதுதான்.

மாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இடிச்சா வலிக்கும்... ஆமா, வலிக்கும். குளிர்ல இன்னும் வலிக்கும்” என்றார். வலிக்கும் என்பதை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மத்தியான செஷனுக்கு இரண்டு பேரும் போகவில்லை. ஹெச்.ஆரில் கேட்டார்கள். வயிறு சரியில்லை என்று சொன்னேன். கேசரி மேல் பழியைப் போட்டேன்.

இது முடிந்து ஒரு மாதம் இருக்கும். கட்டிங் செக்ஷனுக்கு ஒரு சாம்பிள் விஷயமாகப் போனேன். புதுசாக மூன்று பையன்கள் சேர்ந்திருந்தார்கள். கட்டிங் மெஷினில் இருப்பவர்கள் இரும்பு வலையில் பின்னிய கையுறை போட வேண்டும். கம்பெனியில் வாங்கி வைத்திருக்கிறோம். ஆடிட் வருகிற அன்றைக்குப் பளபள என்று எல்லார் கையிலும் இருக்கும். மற்ற நாள் ஆணியில் தொங்கும். காரணம் எளிது. போட்டால் கை கனக்கிறது, வேர்க்கிறது, துணி பிடிபடவில்லை, பீஸ் குறைகிறது, பீஸ் குறைந்தால் காசு குறைகிறது. பையன்களிடம் எத்தனை நோட்டீஸ் ஒட்டினாலும் படிக்க மாட்டார்கள். நாங்கள் ஒட்டிய நோட்டீஸ் இங்கிலீஷில் வேறு இருந்தது.

மாஸ்டர் அந்த மூன்று பேரையும் டேபிளுக்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்தார். நான் வந்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை.

வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, வெள்ளைத் துணி லேயர் மேல் விரித்து வைத்தார்.

“நல்லாப் பாத்துக்குங்க கண்ணுகளா. பதினாறு வருஷ சர்வீஸ் எனக்கு. அன்னிக்கு சாயங்காலம் லோடு ஏத்தணும்னு அவசரம். கையுறையைக் கழட்டி வெச்சேன். அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம்.”

பையன்கள் எச்சில் விழுங்கினார்கள். ஒருத்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“திரும்பாதடா. பாரு. இதைத் தொட்டுப் பாரு.”

அவன் பயந்து பயந்து தொட்டான். மாஸ்டர் முகம் லேசாகச் சுளித்தது. வலித்திருக்க வேண்டும். கையை எடுக்கவில்லை.

நான் சாம்பிளை மறந்து நின்றேன். அப்புறம் ஞாபகம் வந்து, “மாஸ்டர், கையுறை போட்டா பீஸ் குறையும்னு சொல்றாங்களே, அதுக்கு என்ன பண்றது?” என்று கேட்டேன்.

“அதை நான் முதலாளிகிட்டப் பேசிட்டேன். கட்டிங்குக்குப் பீஸ் ரேட் வேண்டாம், ஷிஃப்ட் சம்பளம் போடுங்கன்னு. யோசிக்கறேன்னாரு.” இடது கையால் சாக்பீஸை எடுத்தார். “யோசிச்சு முடிக்கற வரைக்கும் இவனுக பீஸ் குறைஞ்சா நீ வந்து கேக்காத. என்ன?”

கடைசியில் நின்ற பையன், இருபது வயதுகூட இருக்காது, ஆணியைத் தேடிக்கொண்டிருந்தான்.

“அண்ணா, இடது கையுறை ஒண்ணுதான் இருக்குது. மத்தது எங்கீங்க?”

ஸ்டோர்ஸில் கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டு நான் கிளம்பினேன்.